முளைப்பாரிக்கு மருந்து போட்டவள்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நொச்சியேந்தல் முருகலட்சுமியைக் குறட்டை விட்டுத் தூங்க வைத்துவிட்டு வந்தோம். லேசுப்பட்ட குறட்டை அல்ல. பக்கத்தில் படுத்திருந்த பாண்டித்துரை தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிய குறட்டை. இரண்டு வருஷமாகத் தூங்காதவள், விட்டதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துத் தூங்கினாள்.

புதிதாக வந்து உட்கார்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

முருகலட்சுமிக்கு வயது ஐம்பத்திரண்டு. மாதவிலக்கு நின்று பதினாலு மாசம். நின்றது நின்றதோடு போயிருந்தால் இந்தத் தொடருக்கே வேலை இல்லை. போகவில்லை. அடிவயிற்றில் கிளம்பும் சூடு, கழுத்து வழியாக ஏறி உச்சந்தலையில் போய் நிற்கும். மார்கழிப் பனியில் முந்தானையால் விசிறிக்கொண்டு நடுமுற்றத்தில் நிற்பாள். காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காரணமே இல்லாமல் கோபம் வரும். போன தை மாசம் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்த அன்று, ரசத்தில் உப்புக் குறைச்சல் என்று பாண்டித்துரை சொன்னார். அவரை நோக்கி ஒரு கரண்டி பறந்தது. அவர் பழகிய ஆள், குனிந்துகொண்டார். சம்பந்தியம்மாளுக்குப் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகுதான் மகள் ஜோதிகா தாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் மாஷிதாவிடம் போனாள். ஜோதிகா ராமநாதபுரத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர். டாக்டர் சிரிக்கவில்லை. வயசானால் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. அது ஒன்றுக்காகவே முருகலட்சுமிக்கு அவரைப் பிடித்துப்போனது. ரத்த அழுத்தம், வயிற்று ஸ்கேன், மார்புப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, பெண் உடம்பில் தானாகச் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோனதால் வருகிற கூத்து இது, அதையே வெளியிலிருந்து கொஞ்சம் கொடுக்கலாம் என்றார்.

ஒரு வெள்ளைப் புட்டி. தலையை அமுக்கினால் கண்ணாடி போல ஒரு பசை வரும். காலையில் இரண்டு அமுக்கு, மேல்கையிலிருந்து தோள் வரை பூச வேண்டும். காயும்வரை நெருப்புப் பக்கம் போகக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூசிய இடம் அடுத்தவர் மேல் படக் கூடாது. கர்ப்பப்பை இருக்கிறதால் அதன் பாதுகாப்புக்குப் படுக்கும்போது ஒரு மாத்திரை. இடையில் ரத்தம் கண்டால் மறைக்காமல் வந்துவிட வேண்டும். மூன்று மாசத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

ஆறு வாரம் ஆயிற்று. மூன்றாவது வாரமே காந்தல் குறைந்தது. நாலாவது வாரம் தூக்கம் வந்தது. ஐந்தாவது வாரம் பாண்டித்துரை சொன்ன ஒரு பழைய ஜோக்குக்குச் சிரித்தாள்.

இந்த விஷயம் தாய்க்கும் மகளுக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். பாண்டித்துரைக்குத் தெரியாது. வீட்டில் நிம்மதி வேண்டும் என்று அவர் மாசி மாசம் ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் ஒன்று விடாமல் முழுகிவிட்டு வந்தார். கூடவே சளியையும் கொண்டுவந்தார். அடுத்த சில நாளில் மனைவி சிரிக்க ஆரம்பித்தால் அவர் என்ன நினைப்பார்? ஊரில் எவன் வீட்டில் சண்டை என்றாலும் தீர்த்தம் ஆடிவிட்டு வா என்று ஆள் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று முருகலட்சுமி வாயைத் திறக்கவில்லை. வெட்கமும் ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் உமையாள்.

உமையாள் பாண்டித்துரையின் அக்காள். அறுபத்துமூன்று வயது. புருஷன் காலமான பின் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள் என்று பேர். தம்பி வீட்டு அலமாரியில் எந்தத் தட்டில் எந்தச் சேலை இருக்கிறது என்பது முருகலட்சுமியைவிட அவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு புட்டியை எங்கே ஒளிப்பது? முதலில் மிளகாய்க் கொட்டகையில் போய்ப் பூசிப் பார்த்தாள். ஈரத் தோளில் வத்தல் தூசி ஒட்டிக்கொண்டு எரிந்த எரிச்சலில், பழைய காந்தலே மேல் என்று தோன்றியது.

அந்த நேரத்தில்தான் அம்மனே பார்த்து ஓர் இடம் கொடுத்தாள்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊரே சேர்ந்து முளைப்பாரி வளர்க்கும். கோயிலை ஒட்டிய ஒற்றை அறைதான் முளைப்பாரி வீடு. ஜன்னல் கிடையாது. வீட்டுக்கு ஒன்று என நாற்பத்தேழு சட்டி. வைக்கோல், சாணித்தூள், மேலே தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை. வெளிச்சம் படாமல் எட்டு நாள் வளர்ந்தால் முளைகள் வெளுத்துப்போய் நெடுநெடுவென்று நிற்கும். முளை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு மழை என்பது ஊரின் நம்பிக்கை. உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க ஒரே ஒருத்திக்குத்தான் அனுமதி. அவள் மாதத் தூரம் நின்றுபோனவளாக இருக்க வேண்டும். சாவி அவள் இடுப்பில்.

பதினோரு வருஷமாக அந்தச் சாவி உமையாளிடம் இருந்தது. இந்த வருஷம் பூசாரி வீரையா வழக்கம்போல அம்மன் முன்னால் பேர்ச்சீட்டுகளை வைத்துப் பூக்கட்டிப் பார்த்தார். முருகலட்சுமி பெயர் வந்தது. சரியில்லை, குலுக்கிப் போடு என்றாள் உமையாள். மறுபடியும் முருகலட்சுமி. மூன்றாவது தடவை கேட்க உமையாளுக்கே கூச்சமாக இருந்தது.

முருகலட்சுமி இந்த ஊருக்கு வாழ வந்து முப்பத்தோரு வருஷம். பாண்டித்துரை பெண்டாட்டி, ஜோதிகா அம்மா, உமையாள் தம்பி வீட்டுக்காரி என்றுதான் ஊர் அவளைச் சொல்லும். அவள் பெயருக்கென்று இந்த ஊரில் வந்த முதல் பொருள் அந்தச் சாவி. வாங்கியதும் இடுப்பில் செருகி மேலே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். நாளை செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தில் முதல் சட்டியைத் தலையில் தூக்கி வைத்து அவள் முன்னால் நடக்க, ஊர் பின்னால் வரும். அதை நினைத்து நினைத்து ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாவியோடு இன்னொரு வசதியும் வந்தது. ஊரில் வேறு யாரும் நுழைய முடியாத ஒரே அறை அவள் கையில். விடியற்காலையில் போவாள். விளக்கு ஏற்றுமுன், இருட்டிலேயே, ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு இரண்டு அமுக்கு. காயும்வரை முளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தண்ணீர் தெளிப்பாள். புட்டியும் சோப்பும் கடைசி வரிசைச் சட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில்.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

*

திங்கட்கிழமை காலையில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. முளைகள் ஒரு முழத்தைத் தாண்டிவிட்டன. ஊரில் இப்படி ஒரு உயரத்தை யாரும் பார்த்ததில்லை. அவள் சொல்லி உயரத்தைத் தெரிந்துகொண்ட பெண்கள், இராசியான கை என்று பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டாம் வேளைத் தண்ணீருக்காகக் கதவைத் திறந்தவள், பழக்கத்தில் மூலையைத் தடவிப் பார்த்தாள். சோப்பு இருந்தது. புட்டி இல்லை.

ஒவ்வொரு சட்டியாக நகர்த்திப் பார்த்தாள். எலி தூக்கிக்கொண்டு போகிற சாமானா அது? உள்ளங்கை வேர்த்தது. இது காந்தல் இல்லை, சுத்தமான பயம்.

நடந்தது இதுதான். முருகலட்சுமிக்கு இது பிற்பாடு உரக்கடை முஹைதீன் வாயாலேயே தெரியவந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு உமையாள் அவர் கடைக்கு வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்து, இது எந்தப் பயிருக்கு அடிக்கிறது என்று கேட்டிருக்கிறாள். முஹைதீன் கண்ணாடியை மாட்டிப் படித்துப் பார்த்தார். ஹார்மோன் என்று போட்டிருக்கிறது, ஆனால் நம் கடைச் சரக்கு இல்லை, ஆஸ்பத்திரிச் சரக்கு மாதிரி இருக்கிறது என்றார். உமையாள் காதுக்குள் முதல் பாதி மட்டுமே போனது. மிளகாய் விவசாயம் பார்க்கிற வீட்டில் பிறந்தவள் அவள். பூ கொட்டும் பருவத்தில் செடிக்கு ஹார்மோன் மருந்து அடித்தால் செடி எப்படித் துளிர்த்து நிற்கும் என்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள். ஒரு முழ முளைக்கு அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

முருகலட்சுமி கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கோயில் வாசல் சிமெண்டு மேடையில் புட்டி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. கும்மியடிக்க வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். வீரையா ஒரு ஓரமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இது என்னன்னு நீயே சொல்லு முருகு," என்றாள் உமையாள்.

முருகலட்சுமி புட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். அந்த நீட்டிய கையே போதுமாக இருந்தது. உமையாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அறைக்குள் ஸ்பிரிட் வாடை. ஆளுக்குத் தெரியாமல் ஒரு சோப்பு. பின் வரிசையில் ஒளித்து வைத்த ஹார்மோன் மருந்து. தானாக வளர வேண்டிய முளைக்கு மருந்து அடித்து வளர்த்து, அம்மனையே ஏமாற்றப் பார்த்திருக்கிறாள் தன் தம்பி பெண்டாட்டி.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கும்மிக்கு வந்திருந்த முருகம்மாள் மட்டும் சத்தமாகவே குறைப்பட்டாள். அவள் வீட்டுச் சட்டியில் முளை சாணுக்கு மேல் எழும்பவில்லை என்று முருகலட்சுமியே அவளிடம் சொல்லியிருந்தாள். மருந்து போட்டதுதான் போட்டாள், தன் சட்டியை மட்டும் எதற்காக விட்டாள் என்பது அவள் வழக்கு.

வீரையாவுக்கு இந்த மாதிரிச் சிக்கலில் பழக்கம் கிடையாது. மருந்து விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். ஊரில் மிளகாய் மருந்து என்றால் பாண்டித்துரை. களத்தில் வத்தல் கிளறிக்கொண்டிருந்தவரை அப்படியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு தும்மல் போட்டுவிட்டு விசாரணைக்கு உட்கார்ந்தார்.

தன் பெண்டாட்டி மேல்தான் பிராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. புட்டியைக் குலுக்கினார். மோந்து பார்த்தார். தலையை அமுக்கி விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தார். வேண்டாம், தொடாதீர்கள் என்று முருகலட்சுமி சொல்ல வாயெடுப்பதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது.

"இதுல சத்தே கிடையாதுக்கா. சைபர் பாயிண்ட் சைபர் ஆறு பர்சென்ட் போட்டுருக்கான். பத்து லிட்டர் டேங்குல இந்தப் புட்டியவே கவுத்தாலும் ஒரு பாத்திக்குக் காணாது. இத அடிச்சு முளை வளந்துச்சுன்னா நான் மிளகா போடுறத விட்டுர்றேன்."

முருகலட்சுமிக்கு உயிர் வந்தது. அந்த ஒரு நிமிஷம் புருஷன் மேல் பொங்கி வந்த பிரியத்தில் அவருக்கு ஆயிரம் கரண்டி ரசம் ஊற்றியிருப்பாள்.

ஆனால் பாண்டித்துரை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. எந்த மருந்தானாலும் கம்பெனி பெயர், தேதி எல்லாம் பார்ப்பார். புட்டியைத் திருப்பினார். பின்பக்கம் மெடிக்கல் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. மகள் வேலை பார்க்கிற கடை. மகள் கையெழுத்து. அதற்குக் கீழே முருகலட்சுமி, 52.

அவர் படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் விசாரணைக் களை போய்விட்டிருந்தது.

"உம் பேரு போட்டுருக்கு," என்றார். பிறகு, யாருக்கும் கேட்காதபடி, "உனக்கு என்ன செய்யுது?"

இதற்கு மேல் மறைப்பதில் என்ன இருக்கிறது? முருகலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாற்பது பெண்களும் எட்டுப் பத்து ஆண்களும் நிற்கிற இடத்தில், முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் உடம்பைப் பற்றித் தானே பேசினாள்.

"அது பயிருக்கு இல்ல, எனக்கு. தூரம் நின்னு போனதுல உடம்புல சுரக்குறது ஒண்ணு குறைஞ்சு போச்சாம். அதுனாலதான் காந்தலு, வேர்வை, தூக்கமில்லாமப் போனது, கண்டபடி கோவம் வந்தது எல்லாம். கொறஞ்சத வெளியில இருந்து குடுக்குற மருந்து இது. தோள்ல பூசிக்கிறேன். ஆறு வாரமாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் மனுசியா இருக்கேன். வீட்டுல வச்சுப் பூச எடமில்லாம இங்கன கொண்டாந்து வச்சேன். அம்மன் கண்ணுக்கு முன்னாடி வச்சது தப்புன்னா அவ கேக்கட்டும்."

தூரம் என்ற வார்த்தை விழுந்த கணமே ஆண்கள் கரைய ஆரம்பித்தார்கள். மைக்செட்டுக்காரன் வந்துவிட்டானா என்று பார்க்க வீரையா அவசரமாகப் போனார். பின்னாலேயே மீதிப் பேரும் மைக்செட்டைப் பார்க்கப் போனார்கள். பாண்டித்துரை மட்டும் புட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப இருபத்திரண்டு தீர்த்தம்?" என்று கேட்டார்.

"அதுவும் நல்லதுதாங்க," என்றாள் முருகலட்சுமி.

அவர் புட்டியை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள் என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். குழாயடியில் போய் நின்று முழங்கைவரை கழுவினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பைக் சத்தம் கேட்டது, அதுவும் தேய்ந்துபோனது.  ஊர் என்ன நினைத்தால் என்ன, இந்த மனிதரிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு பொய்ச் சந்தோஷத்தைக் காப்பாற்றப் போய் அவரைச் சபையில் வைத்து வெட்கப்படுத்தியாயிற்று.

உமையாள் அதற்குள் அடுத்த கேள்வியைக் கூர் தீட்டி வைத்திருந்தாள்.

"அதப் பூசுனா தூரம் திரும்ப வருமா?"

பெண்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். முருகலட்சுமி பொய் சொல்லியிருக்கலாம். சாயங்காலத்திலிருந்து பட்ட பாட்டில் பொய்க்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை. பழையபடி மாசாமாசம் வராது, ஆனால் ஆரம்ப மாசங்களில் சிலருக்குக் கொஞ்சம் படலாம், பட்டால் உடனே வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார் டாக்டர், தனக்கு இதுவரை ஒன்றும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

உமையாளுக்கு இது போதும். வரலாம் என்கிற நிலைமையில் இருக்கிறவள் முளைப்பாரி வீட்டுக்குள் போகலாமா? நாளைக்கு ஊரே பின்னால் வரும்போது முதல் சட்டியைத் தூக்கலாமா? ஊருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? அவள் கேட்கக் கேட்க, நாலைந்து தலைகள் ஆடத்தான் செய்தன.

"ஒண்ணு, புட்டிய ஊருணியில வீசு. இல்ல, சாவிய இங்கன வையி."

முருகலட்சுமி இடுப்பைத் தொட்டாள். சாவி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. நாளை ஒரு நாள்தான். புட்டியை எறிந்துவிட்டு, ஊர்வலம் முடிந்ததும் ஜோதிகாவிடம் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒருத்திக்கும் தெரியப்போவதில்லை. மறுபடி மிளகாய்க் கொட்டகை. மறுபடி ஒளிதல். அதை நினைத்தபோது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இதில் அவள் செய்த குற்றம் என்ன? இரண்டு வருஷம் வெந்தபோது எந்த மகராசியும் வந்து என்னம்மா என்று கேட்கவில்லை. தூங்க ஆரம்பித்ததும் பஞ்சாயத்து வைக்கிறார்கள்.

சாவியை அவிழ்த்து மேடையில் வைத்தாள்.

"சாவி ஒருத்திகிட்ட இருந்து இன்னொருத்திகிட்டப் போகும் மதினி. என் தூக்கத்த நான் ஒருத்திதான் தூங்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, சாவி போன இடுப்பு வெறுமையாக இருந்தது. நெஞ்சும்தான். முதல் சட்டிக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குச் சேலை நினைவுக்கு வந்தது.

 கடைசியில் முருகம்மாள்தான், அந்த டாக்டரம்மா எந்தத் தெரு என்று கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான். பதிலுக்குக் காது கொடுத்தது அத்தனை பேரும். முருகலட்சுமி தெருவைச் சொன்னாள். ஆனால் இது ஆள் பார்த்துக் கொடுக்கிற மருந்து, மார்பில் கட்டி வந்தவர்களுக்கும் காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் ஆகாது, சோதித்துப் பார்த்துத்தான் தருவார்கள், என் புட்டியைக் கொண்டு போகிற எண்ணம் யாருக்கும் வேண்டாம் என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். முருகம்மாளின் முகம் கொஞ்சம் வாடியது.

*

சாவியை எடுத்துக்கொண்டு உமையாள் முளைப்பாரி வீட்டுக்குள் போனாள். சாயங்காலத் தண்ணீர் இன்னும் தெளிக்கவில்லை. தெளித்துவிட்டு வந்தால் கும்மி ஆரம்பிக்கலாம் என்று பெண்கள் காத்திருந்தார்கள். தண்ணீர் தெளிக்கப் பத்து நிமிஷம் போதும். அரை மணி ஆகியும் ஆளைக் காணோம்.

யாராவது எட்டிப் பார்க்கலாமென்றால் யாருக்கும் உரிமை இல்லை. முருகலட்சுமிதான் போனாள். நிலைப்படிக்கு வெளியே நின்று, மதினி என்று கூப்பிட்டாள். பதில் வராததால் கதவை லேசாகத் தள்ளினாள்.

சட்டிகளுக்கு நடுவே, ஈரத் தரையில், உமையாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை ஊக்குகள் அவிழ்ந்திருந்தன. பிடரியில் நனைத்த துண்டு. முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை. ஊரை நடுங்கவைக்கிற அந்தப் பொம்பளை, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முருகலட்சுமிக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இந்தக் கோலத்தில் அவளே எத்தனை மத்தியானம் உட்கார்ந்திருப்பாள்.

மத்தியானம் என்றதும்தான் அவளுக்கு உறைத்தது. சாவி தன் இடுப்பில் இருக்கும்போது, மத்தியானம் மதினி எப்படி உள்ளே வந்து புட்டியை எடுத்தாள்?

"உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கா மதினி?"

உமையாள் துண்டால் கழுத்தைத் துடைத்தாள். 

"இருக்கு. ஆனா புட்டியத் தேடியெல்லாம் வரல. வெயில் ஏறுனா எனக்கு இங்கன வந்து உக்காரணும். பதினோரு வருசப் பழக்கம். பங்குனியில எட்டு நாளைக்குத்தான் முளைப்பாரி. மத்த நாளெல்லாம் பூட்டித்தான கெடக்கு. ரவிக்கைய அவுத்துப்போட்டு உக்காந்தா ஏன்னு கேக்க ஒரு நாதி வராது. எனக்கு நின்னு பன்னெண்டு வருசமாச்சு. எனக்கு இன்னும் நிக்கல இந்தக் காந்தலு."

அப்படியானால் சாவிக்காக அடித்துக்கொண்டது கௌரவத்துக்காக இல்லை. இந்த ஈரத் தரைக்காக. முருகலட்சுமிக்கு அவள் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்ற இரண்டு பேர், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒரே அறையில் வந்து வெந்திருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரு தும்மலாகத்தான் வெளியே போனது.

"அந்த டாக்டரு என்னப் பாக்குமா?" என்றாள் உமையாள், முளைகளைப் பார்த்துக்கொண்டு.

பார்ப்பார் என்றாள் முருகலட்சுமி. அறுபது தாண்டினவர்களுக்கு இந்தப் பசையை யோசித்துத்தான் கொடுப்பார்களாம். வேறு மாத்திரைகளும் இருக்கின்றனவாம். எதுவானாலும் அவர் பார்த்துச் சொல்லட்டும், புதன்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றாள்.

உமையாள் ஊக்குகளை மாட்டிக்கொண்டு எழுந்தாள். குரலும் கூடவே பழையபடி எழுந்துவிட்டது.

"உள்ள வந்து தண்ணியத் தெளி. நீ தெளிச்சு வளந்தது, கடைசி நேரத்துல கை மாறக் கூடாது. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

நாளைக்கு முதல் சட்டி யார் தலையில் என்று முருகலட்சுமி கேட்கவில்லை. கேட்டால் இப்போதே மறுபடி சண்டை. சொம்பை எடுத்துக்கொண்டு படி தாண்டியவளின் இடுப்பில் செல்போன் அடித்தது. ஜோதிகா.

"அம்மா, அய்யாவுக்கும் உனக்கும் ஏதும் சண்டையா?"

முருகலட்சுமி சொம்பைக் கீழே வைத்தாள். பைக் சத்தம் தேய்ந்துபோனதிலிருந்து இந்தப் பயத்தைத்தான் மனதில் ஒரு ஓரமாக வைத்திருந்தாள். அய்யா எங்கே என்று கேட்டாள்.

"இங்கனதாம்மா. எங்க கடைக்கு எதுத்தாப்புல, மாஷிதா டாக்டர் கிளினிக்குல. சட்டையெல்லாம் மிளகாத் தூசி. கர்ப்பஸ்திரீக்க எல்லாம் தும்முறாக. நடுவுல பெஞ்சுல உக்காந்திருக்காக. பதினேழாம் நம்பர் டோக்கன்."

"அவுகளுக்கு எதுக்குத்தா டோக்கன்?"

"அதத்தான் நர்சும் கேட்டுச்சாம். பேஷண்ட் பேரு என்னன்னு கேட்டா முருகலட்சுமிங்கிறாகளாம். அவுக வரலையான்னு கேட்டதுக்கு, அவ இத்தன நாளு தனியா வந்துட்டா, இன்னைக்கு நான் தனியா வாரேன், அவளுக்கு என்ன செய்யுதுன்னு எனக்கு மொதல்ல இருந்து சொல்லுங்கன்னு நோட்டும் பேனாவுமா உக்காந்திருக்காகம்மா."